பார்த்தவுடன் பகா எண் என்று சொல்லாதீர்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாலையில் கணக்கு சொல்லித் தருகிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் முதல் நாள் கேட்பது இதுதான்: நம் அஞ்சல் குறியீடு 607001 பகா எண்ணா, அதாவது 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண்ணா? ஒற்றைப்படையில் முடிகிறதே என்று பாதிப் பேர் உடனே ஆமாம் என்பார்கள். விடை சரி, காரணம் தவறு. பக்கத்துப் புதுச்சேரியின் 605001-உம் 1-இல்தான் முடிகிறது. இலக்கங்களைக் கூட்டினால் 12, அது 3-இன் மடங்கு. ஆகவே 3-ஆல் வகுபட்டு 201667 வருகிறது. 51, 57, 91 எல்லாம் இப்படிச் சாதுவாக உட்கார்ந்து ஏமாற்றுபவைதாம்.

அடுத்த தவறு எங்கே நிறுத்துவது என்பதில். 2, 3, 5, 7, 11 பார்த்ததும் “எதுவும் வகுபடவில்லை சார்” என்று பேனாவை வைத்துவிடுகிறார்கள். சிலரோ பாதி எண் வரை, அதாவது மூன்று லட்சம் தாண்டியும் வகுக்கத் தயாராகிறார்கள். வர்க்கமூலம் வரை போதும். ஓர் எண்ணை இரண்டாகக் காரணிப்படுத்தினால் இரண்டில் ஒன்றாவது வர்க்கமூலத்தைத் தாண்டாமல் இருக்கும். 779-இன் வர்க்கம் 606841. 780-இன் வர்க்கம் 608400. நம் 607001 இரண்டுக்கும் நடுவில். எனவே 780-க்கு முந்தைய கடைசிப் பகா எண்ணான 773 வரையுள்ள 137 பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் முடிந்தது. (137-உம் பகா எண்தான்.)

ஒரு மழை நாளில் பஸ் ஓடாததால் பிள்ளைகள் வரவில்லை. நானே உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். 541-ஆல் வகுத்தபோது மீதி 540. இன்னும் 1 கூடியிருந்தால் கதை முடிந்திருக்கும்! கடைசி வரை எதுவும் வகுக்கவில்லை. அதே சூட்டில் கடலூர் முதுநகரின் 607003-ஐயும் சோதித்தேன். அதுவும் பகா எண். வித்தியாசம் 2 என்பதால் இவை இரட்டைப் பகா எண்கள். நடுவில் மாட்டிக்கொண்ட திருப்பாதிரிப்புலியூரின் 607002, 6-இன் மடங்கு. 3, 5 என்ற ஜோடியைத் தவிர எல்லா இரட்டையருக்கும் நடுவில் 6-இன் மடங்குதான் நிற்கும்.

2-ஐ ஒரு பகா எண் அடுக்குக்கு உயர்த்தி 1 கழித்தால் எப்போதும் பகா எண் வரும் என்பது கொஞ்சம் படித்தவர்கள் செய்யும் தவறு. 2, 3, 5, 7 அடுக்குகளுக்கு 3, 7, 31, 127 என்று ஒழுங்காக வரும். 11-இல் 2047, அது 23 × 89. பகா எண் தரும் அடுக்குகள் என்று பிரெஞ்சுக் கணிதர் மெர்சென்னே 1644-இல் தந்த பட்டியலில் 67-ஐத் தவறாகச் சேர்த்திருந்தார். 2-இன் 67-ஆம் அடுக்கில் 1 குறைந்தது பகு எண் (பகா எண் அல்லாதது) என்று இன்னொரு பிரெஞ்சுக் கணிதர் லூக்கா 1876-இல் காட்டினார். அதன் காரணிகள் 193707721, 761838257287 என்று அமெரிக்கக் கணிதர் கோல் 1903-இல் வெளியிட்டார்.

‘உலகின் மிகப் பெரிய பகா எண்’ என்று செய்தி வந்தால் ‘இதுவரை அறியப்பட்டவற்றுள்’ என்று சேர்த்துப் படியுங்கள். பகா எண்களுக்கு முடிவில்லை என்று பண்டைக் கிரேக்கக் கணிதர் யூக்ளிட் எப்போதோ நிறுவிவிட்டார். 2024-இல் அறிவிக்கப்பட்டது, 2-இன் 136279841-ஆம் அடுக்கில் 1 குறைந்தது, 4,10,24,320 இலக்கங்கள். அந்த அடுக்கை 4-ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே 2-இன் அந்த அடுக்கு 2-இல் முடியும், 1 போனால் 1. புதுச்சேரி அஞ்சல் குறியீட்டின் அதே கடைசி இலக்கம்.