பவுடர் உரிகிறதா? முதலில் பாஸ்பேட் டேங்க்கைப் பாருங்கள்

அம்பத்தூர், கிண்டி பக்கப் பட்டறைகளில் பவுடர் கோட்டிங் (தகட்டில் பவுடரைத் தெளித்து, சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் பெயின்ட்) உரிந்தால் முதலில் திட்டு வாங்குபவர் பவுடர் விற்றவர்தான். பெரும்பாலும் கோளாறு, பவுடர் அடிக்குமுன் தகட்டைத் தயார்செய்யும் டேங்க்குகளில் இருக்கும்.

இரும்புத் தகட்டுக்கு வழக்கமான வரிசை: டீகிரீஸிங் (எண்ணெய் நீக்கல்), கழுவல், டீரஸ்டிங் (அமிலத்தில் துரு நீக்கல்), கழுவல், ஆக்டிவேஷன் (படிகம் பொடியாக வளரத் தூண்டல்), துத்தநாக பாஸ்பேட் (பெயின்ட் பிடிக்க ஒரு படிகப் படலம்), கழுவல், பாசிவேஷன் (அந்தப் படலத்துக்குத் துருக் காப்பு), உலர்த்தல். டீகிரீஸிங் 60–70 டிகிரியில் 10–15 நிமிடம். கழுவியபின் தகட்டில் தண்ணீர் ஒரே படலமாக நிற்க வேண்டும்; முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் போகவில்லை, திரும்ப உள்ளே இறக்குங்கள். துரு இல்லாத ஜாபுக்கு (வேலைக்கு வந்த உருப்படிக்கு) அமில டேங்க் வேண்டாம்.

ஆக்டிவேஷனைத்தான் பலர் மிச்சம் பிடிக்கிறார்கள். டைட்டானியம் உப்புக் கரைசல், பிஹெச் 8 முதல் 9.5 வரை. இது இல்லாவிட்டால் படிகம் பெரிது பெரிதாக வளர்ந்து, தடவினால் மணல் மாதிரி சொரசொரக்கும். இதிலிருந்து எடுத்த ஜாபைக் கழுவாமல் நேராக பாஸ்பேட்டில் இறக்க வேண்டும். கரைசல் சும்மா கிடந்தாலும் வீரியம் போய்விடும்.

பாஸ்பேட் டேங்க்கைக் கண்ணால் பார்த்து நடத்த முடியாது. டேங்க் கரைசலில் 10 மில்லி எடுத்து, நிறம் மாறிக் காட்டும் புரோமோஃபீனால் புளூ 2 சொட்டு விட்டு, 0.1 நார்மல் காஸ்டிக் சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு டைட்ரேட் செய்யுங்கள். மஞ்சள் நீலமாக மாறும்வரை செலவான மில்லிதான் ஃப்ரீ ஆசிட் (கட்டற்ற அமிலம்) பாயிண்ட். இன்னொரு 10 மில்லியில் ஃபீனால்ஃப்தலீன் விட்டு, இளஞ்சிவப்பு நிற்கும்வரை செய்தால் டோட்டல் ஆசிட் (மொத்த அமிலம்). எவ்வளவு இருக்கவேண்டும் என்பது உங்கள் கெமிக்கலின் டேட்டா ஷீட்டில் இருக்கும். பக்கத்துப் பட்டறைக் கணக்கு உதவாது. ஃப்ரீ ஆசிட் ஏறினால் படலம் பிடிக்காமல் இரும்பு கரையும். ரொம்ப இறங்கினால் பாஸ்பேட் டேங்க்கிலேயே கசடாகி, ஜாப்மேல் வெள்ளைப் பொடியாக ஒட்டும்.

பாஸ்பேட் டேங்க்கில் வேலையை வேகப்படுத்தச் சேர்க்கும், டோனர் என்கிற நைட்ரைட் குறைந்தால் மஞ்சள் கறை, கூடினால் கசடு. டோனரைப் பாஸ்பேட் கான்சன்ட்ரேட்டோடு ஒரே வாளியில் கலக்கவே கூடாது. பழுப்புப் புகை வரும், விஷம்.

பெயின்டுக்கு அடியில் சதுர மீட்டருக்கு 1.5–3 கிராம் படலம் போதும். 10×10 செ.மீ. தகட்டின் இரு பக்கமும் சேர்ந்து 0.02 சதுர மீட்டர். படலத்தைக் கரைத்து எடுத்தபின் எடை 0.05 கிராம் குறைந்தால், சதுர மீட்டருக்கு 2.5 கிராம். கனமாக இருந்தால் நல்லது என்று நினைக்க வேண்டாம். வளைக்கும்போது பெயின்டோடு கழன்று வரும்.

சென்னையில் தனித் தலைவலி தண்ணீர். பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. கடைசிக் கழுவலுக்கு அதை விட்டால் உப்பு படலத்தில் தங்கி, சில மாதத்தில் பெயின்டுக்கு அடியில் கொப்புளம் எழும்பும். கடைசிக் கழுவலுக்காவது ஆர்ஓ அல்லது டிஎம் (உப்பு நீக்கிய) தண்ணீர் வையுங்கள். டேங்க்குக்கு டேங்க் நடுவே ஜாப் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது. இங்குள்ள ஈரக் காற்றில் டீ குடித்து வருவதற்குள் துரு பூத்துவிடும். 110–120 டிகிரி அவனில் 10 நிமிடம் காயவைத்து, அன்றைக்கே பவுடர் அடியுங்கள், வெறுங்கையால் தொடாமல்.