டெபிட் கார்டு வாங்குதலுக்கு ஓவர்டிராஃப்ட் கட்டணம்: அமெரிக்க வங்கிக் கணக்கில் அதைத் தடுப்பது எப்படி

படிப்புக்காகவோ வேலைக்காகவோ அமெரிக்காவுக்கு வந்து முதன்முறையாகச் செக்கிங் கணக்கு (அன்றாட வரவுசெலவுக்கான கணக்கு) தொடங்கும் நம்மவர்களில் பலர், கணக்கில் பணம் இல்லாவிட்டால் கடையில் கார்டு செல்லாது என்றே நம்பியிருக்கிறார்கள். இங்கே அது எப்போதும் உண்மையல்ல. கணக்கில் 3 டாலர் மட்டும் இருக்கும் நேரத்தில் ஒருவர் 30 டாலருக்கு மளிகை வாங்கினால், குறையும் 27 டாலரை வங்கி தானே கொடுத்துவிட்டு, அதற்காக ஏறத்தாழ 35 டாலரை ஓவர்டிராஃப்ட் கட்டணமாகப் பிடித்துக்கொள்ளக்கூடும். அன்றே இன்னும் இரண்டு கடைகளில் கார்டைப் பயன்படுத்தியிருந்தால், அவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கட்டணம் விழலாம். அமெரிக்க அரசின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு வாரியம் (CFPB) 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, டெபிட் கார்டு ஓவர்டிராஃப்ட் கட்டணங்களில் பெரும்பாலானவை 24 டாலரையோ அதற்கும் குறைந்த தொகையையோ செலவிட்டதற்காக விதிக்கப்பட்டவை. அந்தப் பற்றாக்குறையும் பெரும்பாலும் மூன்று நாட்களுக்குள் அடைக்கப்பட்டுவிட்டது. மூன்று நாள் கைமாற்றுக்கு இது கந்துவட்டியையும் மிஞ்சிய விலை.

இந்தக் கட்டணத்தை விதிக்க வங்கிக்கு வாடிக்கையாளரின் முன்சம்மதம் வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2010 ஜூலை 1 முதல் புதிய கணக்குகளுக்கும், அவ்வாண்டு ஆகஸ்ட் 15 முதல் பழைய கணக்குகளுக்கும் பொருந்திய கூட்டாட்சி விதி, ஏடிஎம்மில் பணம் எடுப்பதற்கும் கடையில் ஒருமுறை நிகழும் டெபிட் கார்டு வாங்குதலுக்கும் வாடிக்கையாளர் தாமாக முன்வந்து ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய ஓவர்டிராஃப்ட் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. சம்மதம் தராதவரின் கணக்கு வேறு காரணத்தால் குறையில் போனாலும், எடுத்துக்காட்டாகக் கடைக்காரர் முதலில் 1 டாலருக்கு அனுமதி வாங்கிப் பின்னர் 50 டாலரைக் கணக்கில் ஏற்றியிருந்தாலும், அந்த வாங்குதலுக்கு வங்கி கட்டணம் போட முடியாது.

ஆகவே, முதலில் செய்ய வேண்டியது உங்கள் கணக்கில் அந்தச் சம்மதம் பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பது. பெரும்பாலும் அது கணக்குத் தொடங்கிய நாளிலேயே, நீட்டப்பட்ட காகிதங்களுக்கு நடுவே கையெழுத்தாகவோ திரையில் ஒரு குறியாகவோ பதிவாகியிருக்கும். ‘ஓவர்டிராஃப்ட் பாதுகாப்பு வேண்டுமா’ என்று கேட்டால் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? இந்தச் சம்மதத்தை முறைப்படி பெறவில்லை என்பதற்காக டிடி வங்கி 2020இல் 9.7 கோடி டாலரை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தரவும் 2.5 கோடி டாலர் அபராதம் கட்டவும் நேர்ந்தது.

சம்மதத்தை எந்த நாளிலும் திரும்பப் பெறலாம். வங்கிச் செயலியில் கணக்கு அமைப்புகளுக்குள் ஓவர்டிராஃப்ட் என்ற தலைப்பைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் கார்டின் பின்புறம் உள்ள எண்ணை அழைத்து, ‘ஏடிஎம்முக்கும் அன்றாட டெபிட் கார்டு வாங்குதலுக்கும் நான் தந்த ஓவர்டிராஃப்ட் சம்மதத்தை ரத்து செய்யுங்கள்’ என்று இந்த இரண்டையும் பெயர் சொல்லியே கேளுங்கள். வெறுமனே ‘ஓவர்டிராஃப்ட் வேண்டாம்’ என்று சொன்னால் குறையை ஈடுகட்டச் சேமிப்புக் கணக்கோடு உள்ள இணைப்பை மட்டும் வங்கி துண்டித்துவிட்டு, இந்தச் சம்மதத்தைத் தொடாமல் விட்டுவிடக்கூடும். ரத்து செய்ததை எழுத்து வடிவில் அனுப்பச் சொல்லி வைத்துக்கொள்வது நல்லது. கூட்டுக் கணக்கானால் கணவன் மனைவியில் ஒருவர் கேட்டாலே போதும். சம்மதம் தராதவருக்கும் தந்தவருக்கு உள்ள அதே கணக்கு வசதிகளை வங்கி வழங்கியாக வேண்டும். இதன்பின் பணம் போதாவிட்டால் கார்டு மறுக்கப்படும். கடையில் சற்றுச் சங்கடமாக இருக்கும், ஆனால் அப்படி மறுக்கப்பட்ட வாங்குதலுக்குப் பெரும்பாலான வங்கிகள் எதுவும் வசூலிப்பதில்லை.

இந்த விதியின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். மாதந்தோறும் தானாகப் பிடிக்கப்படும் ஜிம் கட்டணம், திரைப்படச் சந்தா போன்ற தொடர் பிடித்தங்கள் டெபிட் கார்டு எண்ணிலிருந்தே போனாலும் இதில் அடங்கா. வாடகைக்குத் தரும் காசோலையும், வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்துக் கட்டும் மின்கட்டணமும் அவ்வாறே. இவற்றுக்கு உங்கள் சம்மதத்தைக் கேட்காமலேயே வங்கி கட்டணம் போடலாம். எனவே தானியங்கிப் பிடித்தங்களின் தேதிகளைச் சம்பள நாளுக்கு இரண்டு மூன்று நாட்கள் பின்னால் தள்ளி வைப்பது பயன் தரும். பல நிறுவனங்கள் கேட்டால் தேதியை மாற்றித் தருகின்றன.

சம்மதத்தைத் தக்கவைத்துக்கொள்ளவே விரும்புவோர், செயலியில் தெரியும் இருப்பை முழுதாக நம்பக் கூடாது. கார்டு பயன்படுத்திய கணத்தில் வங்கி ஒரு தொகைக்கு அனுமதி மட்டும் தருகிறது. பணம் உண்மையில் கைமாறுவது ஓரிரு நாட்கள் கழித்துத்தான். உணவகத்தில் 40 டாலருக்கு அனுமதி வாங்கிய பிறகு நீங்கள் எழுதும் 8 டாலர் டிப்ஸ் பின்னரே சேர்கிறது. பெட்ரோல் பம்பில் கார்டைச் செருகினால், நீங்கள் 20 டாலருக்கு மட்டும் நிரப்பினாலும் 100 டாலருக்கு மேல்கூடத் தற்காலிகமாக முடக்கப்படலாம். அந்த இடைவேளையில் வேறொரு பற்று வந்தால் கணக்கு குறையில் விழும். பம்பில் செருகாமல் உள்ளே சென்று காசாளரிடம் குறிப்பிட்ட தொகையைச் சொல்லிக் கட்டினால் இந்தத் தொல்லை இல்லை. விடுதி அறைக்கும் வாடகைக் காருக்கும் இயன்றவரை கிரெடிட் கார்டையே கொடுங்கள்.

சேமிப்புக் கணக்கைச் செக்கிங் கணக்கோடு இணைத்து, குறையும் பணம் அங்கிருந்து தானாக வரும்படி செய்வதும் உண்டு. இதைப் பல வங்கிகள் இப்போது கட்டணமின்றியே செய்கின்றன. உங்கள் வங்கியில் எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். இதைவிட எளிய வழி, இந்தக் கட்டணமே இல்லாத இடத்தில் கணக்கு வைத்திருப்பதுதான். கேப்பிடல் ஒன், சிட்டி ஆகிய வங்கிகள் 2022இல் ஓவர்டிராஃப்ட் கட்டணத்தை அறவே நீக்கின. பாங்க் ஆஃப் அமெரிக்கா அவ்வாண்டு அதை 35 டாலரிலிருந்து 10 டாலராகக் குறைத்தது. குறைந்த செலவுக் கணக்குகளுக்கு வழங்கப்படும் ‘பாங்க் ஆன்’ (Bank On) தரச் சான்று பெற்ற கணக்குகளில் ஓவர்டிராஃப்ட் கட்டணம் என்பதே கிடையாது. பெரிய வங்கிகள் பலவும் அத்தகைய கணக்கு ஒன்றை வைத்திருக்கின்றன, ஆனால் நாம் கேட்காமல் அவர்களாகச் சொல்வது அரிது. சட்டம் வந்து காப்பாற்றும் என்று காத்திருக்க வேண்டாம்: பெரிய வங்கிகளுக்கு 5 டாலர் உச்சவரம்பை முன்வைத்து 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட விதியை அமெரிக்க நாடாளுமன்றம் 2025இல் ரத்து செய்துவிட்டது.

கட்டணம் ஏற்கெனவே விழுந்துவிட்டதா? முதலில் குறையை அன்றே அடைத்துவிடுங்கள். வங்கியின் நாள் முடிவு நேரத்துக்குள் இருப்பு நேரானால் கட்டணம் விதிக்காத வங்கிகளும் உண்டு. பிறகு வாடிக்கையாளர் சேவையை அழைத்து, தள்ளுபடி கேளுங்கள். முதல் முறை என்றால் பணிவாகக் கேட்பவருக்குப் பெரும்பாலும் திருப்பித் தருகிறார்கள். சம்மதமே தரவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் தள்ளுபடியாகக் கேட்காமல், சம்மதம் பதிவான நாளையும் முறையையும் காட்டச் சொல்லுங்கள். மாதாந்தர அறிக்கையில் அந்த மாதத்துக்கும் அவ்வாண்டு தொடக்கத்திலிருந்தும் வசூலித்த ஓவர்டிராஃப்ட் கட்டணங்களின் கூட்டுத்தொகை தனியே அச்சிடப்பட வேண்டும் என்பதால், பழைய கட்டணங்களையும் அதில் பார்த்துக் கேட்கலாம். வங்கி செவிசாய்க்காவிட்டால் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு வாரியத்தின் இணையதளத்தில் இலவசமாகப் புகார் பதியலாம்.

கோபத்தில் குறையைக் கட்டாமல் கணக்கைக் கைவிடுவது மட்டும் கூடாது. வங்கி அந்தக் கணக்கை மூடி, வங்கிக் கணக்கு வரலாறுகளைத் தொகுத்து வைக்கும் செக்ஸ்சிஸ்டம்ஸ் (ChexSystems) என்ற நிறுவனத்திடம் தெரிவித்துவிட்டால், அந்தப் பதிவு ஐந்தாண்டு வரை நீடித்து, வேறு வங்கிகளில் புதிய கணக்குத் தொடங்குவதையே கடினமாக்கிவிடும்.