மனச்சிதைவு உள்ளவரை வேலைக்கு அனுப்புவது எப்படி

"முழுசா குணமாகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லியே மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) உள்ள என் தம்பியை நான்கு வருஷம் வீட்டில் உட்கார வைத்தோம். அது தப்பு. அமெரிக்காவில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் இருவரும் 1990களில் உருவாக்கிய ஐ.பி.எஸ். (Individual Placement and Support, தனி ஆளுக்கு ஏற்ற வேலை தேடிக் கொடுத்து கூடவே உதவுவது) முறையில் வேலைதான் முதலில், பயிற்சி அந்த வேலையில் இருந்துகொண்டே. நோய் எவ்வளவு தீவிரம் என்று பார்த்து யாரையும் ஒதுக்குவதில்லை, வேலைக்குப் போக விருப்பம் இருந்தால் போதும். பயிற்சி முடித்த பிறகு வேலை தேடும் பழைய முறையைவிட இதில் அதிகம் பேர் வேலையில் சேர்கிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

சரி, எங்கே தொடங்குவது? அவரிடமே கேளுங்கள். என்ன வேலை பிடிக்கும், கூட்டத்தில் இருக்க முடியுமா, காலையில் எத்தனை மணிக்குத் தெளிவாக எழ முடியும். இந்தக் கடைசிக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ராத்திரி போடும் மாத்திரையின் தூக்கம் காலை பத்து மணி வரை விடாமல் இருந்தால் ஏழு மணி ஷிப்ட்டில் சேர்த்துவிட்டு "சோம்பேறி" என்று திட்டுவதில் என்ன நியாயம்? மாத்திரை நேரத்தை மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தவே கூடாது. தூக்கம் கெட்டால் நோய் திரும்பும் ஆபத்து உண்டு, அதனால் நைட் ஷிப்ட் வேண்டாம்.

முதலாளியிடம் நோயைச் சொல்வதா வேண்டாமா என்பது அவருடைய முடிவு. சொல்வதானால் நோயின் பெயரைவிட என்ன உதவி வேண்டும் என்று சொல்வதே பலன் தரும்: மாதம் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போகணும், வேலைகளை வாயால் சொல்லாமல் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் நன்றாகச் செய்வார். தம்பி முதலில் சேர்ந்த கடையில் ஒரே மூச்சில் ஐந்து வேலை சொல்வார்கள், பதினோரு நாளில் நின்றுவிட்டான். இப்போது இருக்கும் இடத்தில் சூப்பர்வைசர் எழுதித் தருகிறார், எட்டு மாசம் ஆகிறது.

மாற்றுத்திறனாளி சான்றிதழையும் வாங்கி வையுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் உண்டு. அரசு மனநல மருத்துவர் 'ஐடியாஸ்' என்ற, மனநோயால் வரும் குறைபாட்டை அளக்கும் அளவுகோலில் மதிப்பிட்டு 40 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால், அரசு வேலையில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு போன்றவற்றோடு சேர்த்து 1 சதவீத ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கலாம். ஏற்கெனவே அரசு வேலையில் இருப்பவருக்கு நோய் வந்தால், அதைக் காட்டி நீக்க இதே சட்டத்தின் 20-வது பிரிவு இடம் தராது.

சென்னையில் இருப்பவர்கள் டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் (SCARF) என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி, சிகிச்சை அமைப்பில் விசாரித்துப் பாருங்கள்.

வேலையில் சேர்ந்ததும் நம் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறோம் பாருங்கள், அங்கேதான் பல பேர் வழுக்குகிறார்கள். முதல் இரண்டு மாசம் தினமும் சாயங்காலம் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசுங்கள். தூக்கம் குறைகிறதா, யார் மேலாவது சந்தேகம் வருகிறதா என்று கவனியுங்கள், வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். ராத்திரியில் பதறினால் 14416-க்குப் போன் செய்யுங்கள், அது டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

வேலை போனால் எதனால் போனது என்று அவரோடு உட்கார்ந்து எழுதுங்கள், அடுத்த இடத்தை அந்தத் தாளை வைத்துத் தேடுங்கள்.