மாடல் ரயில் ஓட்ட ஆசையா? முதல் வட்டத்தை இப்படிப் போடுங்கள்

மாடல் ரயிலைக் குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்குபவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: குனிந்து, கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுவந்து, ஒரு இன்ஜின் நான்கு பெட்டிகளை இழுத்துக்கொண்டு வளைவில் மெதுவாகத் திரும்புவதைப் பாருங்கள். அந்த மெதுவான ஓட்டத்தில்தான் இதன் சுகமே இருக்கிறது. கீழே சொல்லும் வேலை எல்லாம் அதற்காகத்தான்.

முதலில் ஸ்கேல், அதாவது நிஜ ரயிலைச் சுருக்கும் அளவு. எச்.ஓ. என்றால் நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு, இரு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் 16.5 மி.மீ. என். ஸ்கேல் 160-ல் ஒரு பங்கு, அகலம் 9 மி.மீ. 23 மீட்டர் நீளமுள்ள நிஜப் பெட்டி எச்.ஓ.வில் சுமார் 26 செ.மீ., என்.னில் 14 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். இடம் இருந்தால் எச்.ஓ. எடுங்கள், சக்கரத்தைத் தண்டவாளத்தில் ஏற்றுவதும் பழுது பார்ப்பதும் புதியவர் கைக்கு எளிது. பிரிட்டிஷ் மாடல்களில் ஓ.ஓ. என்று ஒன்று உண்டு, அதுவும் அதே 16.5 மி.மீ. தண்டவாளத்தில்தான் ஓடும், ஆனால் 76-ல் ஒரு பங்கு என்பதால் எச்.ஓ. பெட்டிகளோடு கோத்தால் உயரம் ஒத்துப்போகாது. வாங்கும்போது அட்டைப்பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள்.

அப்புறம் பலகை. எச்.ஓ.வில் 45 செ.மீ. ஆரமுள்ள வளைவுக்கே 90 செ.மீ. போய்விடும், ஓரம் விட்டால் பலகை அகலம் 110 செ.மீ.யாவது வேண்டும். என்.னுக்கு 60 செ.மீ. போதும். 12 மி.மீ. பிளைவுட், வளையாமல் இருக்க அடியில் மரச்சட்டம், சத்தம் குறைய மேலே தக்கை ஷீட், அவ்வளவுதான்.

இனி தண்டவாளம், இங்கே அவசரமே கூடாது. ஒரு நீள்வட்டம், அதில் ஒரே ஒரு பாயின்ட், அதாவது ரயிலைக் கிளைப் பாதைக்குத் திருப்பிவிடும் துண்டு. இதற்கு மேல் இப்போது வேண்டாம். ஒவ்வொரு துண்டையும் ஜாயினரில், அதாவது துண்டுகளை இணைக்கும் சின்ன உலோகக் கவ்வியில், செருகியதும் இணைப்பின் மேல் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் சக்கரமும் தட்டும். பெரும்பாலும் ஒரு பக்கத் தண்டவாளம் ஜாயினருக்குள் நுழையாமல் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும், கழற்றித் திரும்பச் செருகுங்கள். தண்டவாளத்தைப் பலகையில் பொருத்தும் ஆணியை இறுக்கி அடித்தால் ஸ்லீப்பர் (தண்டவாளத்துக்கு அடியில் உள்ள குறுக்குக் கட்டை) நடுவில் அமுங்கி, தண்டவாளங்கள் உள்பக்கம் சாய்ந்து அகலம் குறைந்துவிடும். ஆணித் தலை ஸ்லீப்பரைத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள். பாதை சுற்றி வந்து தன்னோடே எதிர்த்திசையில் சேரும்படியும் போடாதீர்கள், இடது தண்டவாளம் வலதோடு சேர்ந்து ஷார்ட் ஆகிவிடும்.

மின்சாரத்துக்கு 12 வோல்ட் டி.சி. கன்ட்ரோலர் போதும். இரண்டு தண்டவாளங்களுக்கும் ஆளுக்கொரு ஒயர். துருவத்தை மாற்றினால் இன்ஜின் திசை மாறும். வட்டத்தின் தூரத்து முனையில் வேகம் குறைந்தால் இன்ஜினைக் குறை சொல்ல வேண்டாம், அது இணைப்புகளில் மின்அழுத்தம் விழுவது. உள் தண்டவாளத்துக்கு எந்த ஒயர், வெளித் தண்டவாளத்துக்கு எந்த ஒயர் என்று கவனித்து, அங்கே இன்னொரு ஜோடி ஒயர் கொடுத்தால் சரியாகிவிடும். ஒரே பாதையில் இரண்டு இன்ஜின்களைத் தனித்தனியாக ஓட்டும் டிஜிட்டல் முறையும் இருக்கிறது, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சரி, ஓட்டிப் பார்ப்போம். நூல் பிரியாத துணியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் தண்டவாளத்தின் மேற்பரப்பைத் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், அது போடும் கீறல்களில்தான் அழுக்கு சேரும். நிஜ ரயிலின் 60 கி.மீ. வேகம் எச்.ஓ.வில் வினாடிக்கு 19 செ.மீ. மட்டுமே. ஒரு மீட்டரை அளந்து குறித்துக்கொண்டு போனில் நேரம் பாருங்கள், ஐந்து வினாடிக்குக் குறைவாகக் கடந்தால் வேகம் அதிகம். அதையும் பாதியாகக் குறைத்து ஓட்டுங்கள். எங்கே தயங்குகிறதோ, எங்கே ஆடுகிறதோ அங்கெல்லாம் சாக்பீஸால் குறியிட்டு ஒவ்வொன்றாகச் சரிசெய்யுங்கள். எந்த இடத்திலும் நிற்காமல் நகர்ந்துபோகும்போது இன்ஜினுக்கு நிஜமான எடை வந்துவிட்டதுபோல் தெரியும், அதைப் பார்க்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

குறிகள் எல்லாம் தீர்ந்த பிறகுதான் ஜல்லி. பொடி ஜல்லியைத் தூவி, தூரிகையால் ஸ்லீப்பர்களுக்கு நடுவே தள்ளி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கலந்த நீரை மெல்லத் தெளித்து நனைத்துவிட்டு, சம அளவு நீர் சேர்த்த வெள்ளைப் பசையைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சோப்பு இல்லாவிட்டால் பசை உள்ளே இறங்காமல் மேலேயே உருண்டு நிற்கும். பாயின்டின் நகரும் பகுதிக்குப் பக்கத்தில் ஜல்லியும் பசையும் போகவே கூடாது. ஒரு இரவு காயட்டும், மறுநாள் தண்டவாளத்தைத் திரும்பத் துடைத்துவிட்டு ஓட்டுங்கள்.