பல உணவுகள் ஒவ்வாத சிறு குழந்தைக்குச் சமைப்பதும் ஊட்டுவதும்

ஒரே ஓர் உணவு ஒவ்வாத குழந்தை இருக்கும் வீட்டில் அந்த ஒன்றை ஒதுக்கிவிட்டு வழக்கம்போல் சமைத்துவிடலாம். பால், முட்டை, கோதுமை, முந்திரி ஆகிய நான்கும் ஒவ்வாத இரண்டு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில், காலை இட்லிப்பொடி முதல் கோயில் சர்க்கரைப் பொங்கல் வரை ஒவ்வொன்றையும் கேள்வி கேட்டே தட்டில் வைக்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டுச் சமையலறையையும் இந்த நான்கு உணவுகளையும் முன்னிறுத்தியே இதை எழுதுகிறேன். உங்கள் குழந்தையின் பட்டியலில் நிலக்கடலையோ எள்ளோ இறாலோ இருந்தாலும் முறை மாறாது. ஒவ்வாது என்று உறுதியானதை மட்டும் முழுமையாக நிறுத்த வேண்டும்; நிறுத்திய ஒவ்வொன்றுக்கும் ஈடான ஒன்றைத் தட்டில் சேர்க்க வேண்டும். முதல் வேலையில் எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள். இரண்டாவது வேலை மறந்துபோகும் வீடுகளில்தான் குழந்தையின் எடை ஏறாமல் நிற்கிறது.

முதலில் பட்டியல் உறுதியாகட்டும்

உடனடி ஒவ்வாமை பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிடங்களில் தொடங்கி இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும்: உதடு வீங்கும், தோலில் தடிப்புகள் எழும், வாந்தி, இருமல், மூச்சிரைப்பு வரும். இன்னொரு வகை தாமதமாக வருவது; சில மணி நேரம் கழித்துத் தொடர் வாந்தியாகவோ, ஓரிரு நாள் கழித்து மலத்தில் இரத்தமாகவோ அது தெரியலாம். இந்த இரண்டாவது வகை தோல் குத்துச் சோதனையிலும் இரத்தப் பரிசோதனையிலும் பெரும்பாலும் பிடிபடாது என்பதால், எதை, எத்தனை மணிக்கு, எவ்வளவு கொடுத்தோம், எப்போது என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுவது எந்தப் பரிசோதனைக்கும் குறைந்ததல்ல. தடிப்பைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் அது மறைந்துவிடக்கூடும்.

பரிசோதனை முடிவுகளைப் படிப்பதிலும் நிதானம் வேண்டும். ஐஜிஇ எனப்படும், ஒவ்வாமையோடு தொடர்புடைய எதிர்ப்புப் புரதத்தின் அளவு ஓர் உணவுக்குக் கூடுதலாக இருப்பதாலேயே அந்த உணவு ஒவ்வாது என்று ஆகிவிடாது. இதுவரை சிரமமில்லாமல் சாப்பிட்டுவந்த ஓர் உணவை, தாளில் ஓர் எண் அதிகமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் கேட்டபின் முடிவு செய்யுங்கள். நூறு உணவுகளுக்கு ஒரே இரத்த மாதிரியில் ஐஜிஜி என்ற வேறோர் எதிர்ப்புப் புரதத்தைப் பார்த்து நீண்ட பட்டியல் தரும் பரிசோதனைகள் ஒவ்வாமையைக் கண்டறிய உதவுவதில்லை. அப்படி ஒரு தாளை நம்பி இருபது உணவுகளை நிறுத்துவது குழந்தையைப் பட்டினி போடுவதற்குச் சமம். தேவையற்ற விலக்கல் வேறு வகையிலும் தீங்கு செய்யும். இங்கிலாந்தில் 640 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ‘லீப்’ ஆய்வில், ஒவ்வாமைக்கு வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளில் நிலக்கடலையைச் சிறுவயதிலேயே சாப்பிடத் தொடங்கியவர்களுக்கு, அதைத் தவிர்த்தவர்களைவிட நிலக்கடலை ஒவ்வாமை மிகக் குறைவாகவே வந்தது.

சமையலறையில் ஒளிந்திருப்பவை

கோதுமையை நிறுத்தச் சொன்னால் சப்பாத்தியை நிறுத்துகிறோம். ரவையும் சேமியாவும் மைதாவும் கோதுமைதான் என்பது சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. அதைவிட மறைவானது பெருங்காயம்: கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு கோதுமை மாவோ மைதாவோ சேர்ப்பது வழக்கம். ரசம், சாம்பார், பருப்பு என்று தினமும் அது உள்ளே போய்க்கொண்டிருக்கும். அரிசி மாவு மட்டும் சேர்த்ததாக உறையில் எழுதியிருப்பதைத் தேடி வாங்குங்கள், இல்லையேல் சீரகம், மிளகு, பூண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பாலில் இரண்டு தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன. பசும்பால் ஒவ்வாவிட்டால் ஆட்டுப்பால் கொடுக்கலாம் என்பது ஒன்று. ஆட்டுப்பாலின் புரதமும் எருமைப்பாலின் புரதமும் பசும்பாலின் புரதத்தை மிகவும் ஒத்திருப்பதால், பசும்பால் ஒவ்வாத பெரும்பாலான குழந்தைகளுக்கு அவையும் ஒவ்வா. தயிரும் மோரும் புளித்திருப்பதால் பரவாயில்லை என்பது மற்றொன்று. புளிப்பதால் பால் சர்க்கரை குறையும். ஒவ்வாமைக்குக் காரணமான புரதம் போகாது. நெய்யை எவ்வளவு நன்றாகக் காய்ச்சினாலும் அதில் துளியளவு புரதம் தங்கியிருக்கும், ஆகவே தீவிர ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு மருத்துவர் சொல்லும்வரை நெய்யும் கூடாது.

முந்திரி ஒவ்வாத குழந்தைக்குப் பிஸ்தாவையும் நிறுத்துங்கள். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம், ஒன்று ஒவ்வாதவர்களுக்கு மற்றதும் ஒவ்வாமல் போவது மிகுதி. தேங்காய் அப்படியல்ல. பருப்புக்கொட்டைகள் ஒவ்வாத குழந்தைகளில் பெரும்பாலோர் தேங்காயைத் தாராளமாகச் சாப்பிடுகிறார்கள், நம் சமையலுக்கு இது பெரிய ஆறுதல். குருமாவுக்கு முந்திரி அரைப்பதற்குப் பதில் தேங்காயும் பொட்டுக்கடலையும் அரைத்தால் அதே திடம் வரும். பட்டியலில் நிலக்கடலையோ எள்ளோ இருந்தால் எண்ணெயையும் பாருங்கள்: மரச்செக்கில் ஆட்டிய எண்ணெயில் வித்தின் புரதம் தங்கியிருக்கும்.

சத்துமாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நல்ல எண்ணத்தோடு வீட்டுப் பெரியவர்கள் அரைத்துக் கொடுக்கும் மாவில் கோதுமை, சோயா, நிலக்கடலை, முந்திரி, பாதாம், பிஸ்தா என்று ஒவ்வாமை தரக்கூடிய அத்தனையும் ஒரே டப்பாவில் சேர்ந்துவிடுகின்றன. ஆறு மாதக் குழந்தைக்கு அதைக் கரைத்துக் கொடுத்து உதடு வீங்கினால், இருபது பொருள்களில் எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. பல உணவு ஒவ்வாத குழந்தைக்குத் தனித்தனி மாவே சரி: கேழ்வரகு ஒரு டப்பா, கம்பு ஒரு டப்பா, பாசிப்பருப்பு ஒரு டப்பா. புதிதாக ஒன்றைத் தொடங்கும்போது குழந்தைக்குச் சளியோ காய்ச்சலோ இல்லாத நாளில், காலை வேளையில், கால் தேக்கரண்டி கொடுத்து, மூன்று நாள் அந்த ஒன்றையே கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பாருங்கள். ஏற்கெனவே சந்தேகத்துக்கு ஆளான உணவை மட்டும் வீட்டில் சோதிக்காதீர்கள். அதற்கு இடம் மருத்துவமனை.

மாவை வெளியே மில்லில் திரிக்கக் கொடுத்தால், முன்னால் அரைத்தவரின் கோதுமை நம் கேழ்வரகோடு கலந்து வரும். சிறிய அளவை வீட்டு மிக்ஸியிலேயே அரைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்த ஜாடியில் முந்திரி அரைக்கக் கூடாது. பலகாரம் பொரித்த எண்ணெய், சப்பாத்தி சுட்ட தோசைக்கல், தயிரில் போட்ட கரண்டி ஆகியவற்றிலும் இதே ஆபத்து உண்டு. குழந்தைக்கென்று ஒரு தோசைக்கல், ஒரு கரண்டி, ஒரு சிறு பாத்திரம் ஒதுக்கிவிட்டால் பாதிக் கவலை தீரும். பாத்திரத்தையும் கையையும் சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவ வேண்டும். சானிடைசர் கிருமியைக் கொல்லுமே தவிர உணவுப் புரதத்தை அகற்றாது.

எல்லோருக்கும் ஒரே சமையலைச் செய்து, நெய்யும் முந்திரியும் தயிரும் சேர்க்கும் கட்டத்துக்கு முன் குழந்தையின் பங்கை எடுத்து மூடி வைத்துவிடுவதே என் அனுபவத்தில் நிலைத்து நிற்கும் முறை. தனிச் சமையல் அம்மாவைச் சோர்வடையச் செய்யும். வீட்டார் சாப்பிடுவதையே தானும் சாப்பிடுகிறோம் என்ற எண்ணம் குழந்தைக்கும் வேண்டும்.

நிறுத்தியதற்கு ஈடு

ஒரு வயதுக்குள் தாய்ப்பாலே முதன்மையான உணவு. தாய் தன் உணவிலிருந்து பாலையோ முட்டையையோ நிறுத்த வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்லட்டும்; எல்லாத் தாய்மார்களுக்கும் அது தேவைப்படுவதில்லை. தாய்ப்பால் போதாதபோது, புரதத்தை மிக நுண்ணியதாக உடைத்துச் செய்த சிறப்புப் பால்மாவையோ அமினோ அமிலப் பால்மாவையோ மருத்துவர் பரிந்துரைப்பார். தேங்காய்ப்பாலோ அரிசிக் கஞ்சியோ அவற்றின் இடத்தை நிரப்பாது.

ஒரு வயதுக்குப் பின் பாலை நிறுத்துவதால் பெரிதாக இழப்பது சுண்ணாம்புச் சத்து. ஒன்று முதல் மூன்று வயது வரை ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2020-இல் பரிந்துரைத்திருக்கிறது. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் உண்டு. ஆனால் இரண்டு வயதுக் குழந்தை ஒரு நாளில் சாப்பிடக்கூடிய 40 கிராம் மாவிலிருந்து கிடைப்பது சுமார் 140 மில்லிகிராம். அதிலும் முழுவதையும் உடல் எடுத்துக்கொள்வதில்லை. முளைகட்டி உலர்த்தி அரைத்தால் சத்து உடலில் சேர்வது கூடும். முருங்கைக்கீரையும், முள்ளோடு மசித்த நெத்திலியும் கொஞ்சம் சேர்க்கும். இவ்வளவுக்குப் பிறகும் கணக்கு பெரும்பாலும் நிறையாது என்பதால், சுண்ணாம்புச் சத்து, வைட்டமின் டி மருந்துகள் தேவையா என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

சைவக் குடும்பங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாலும் முட்டையும் நின்றுவிட்டால் வைட்டமின் பி12 கிடைக்க அந்த வீட்டு உணவில் வேறு வழியே இருக்காது. கீரையோ பருப்போ அதைத் தராது. மருத்துவர் எழுதித் தரும் சொட்டு மருந்து இங்கே கட்டாயம். மீன், கோழி, ஆட்டு ஈரல் சாப்பிடும் வீடுகளில் பி12, இரும்பு இரண்டுமே அவற்றிலிருந்து வரும்.

புரதம் அவ்வளவு கடினமில்லை. 30 கிராம் துவரம்பருப்பிலோ பாசிப்பருப்பிலோ ஆறு கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. சோற்றோடு சேரும்போது இந்த வயதின் தேவையில் பெரும்பகுதி நிறைந்துவிடும். நெய்யும் வெண்ணெயும் போனதால் குறையும் கொழுப்பை மறந்துவிடாதீர்கள்: ஒவ்வொரு வேளையும் குழைத்த சோற்றில் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் சேர்ப்பது வயிற்றை அடைக்காமல் எடையைக் காக்கும்.

ஒரு நாளின் உணவு இப்படி அமையலாம். காலையில் முளைகட்டிய கேழ்வரகுக் கூழைத் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்துக் கொடுக்கலாம், அல்லது இட்லியைப் பருப்போடு பிசைந்து ஊட்டலாம். நடுவே ஒரு வாழைப்பழம். மதியம் குழைந்த சோறு, பருப்பு, முருங்கைக்கீரை, கிடைத்தால் மீன். மாலையில் அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, இரவில் இடியாப்பமோ தோசையோ. அரிசியும் உளுந்தும் மட்டுமே சேர்ந்த மாவு இந்த நான்கு ஒவ்வாமைகளுக்கும் பொருந்துவது நம் நல்வாய்ப்பு.

கடையும் உறவும் பள்ளியும்

உறையில் அடைத்த உணவுகளில் பால், முட்டை, மீன், இறால், நண்டு போன்ற ஓட்டுடலிகள், நிலக்கடலை, முந்திரி, பாதாம் போன்ற மரக்கொட்டைகள், சோயா, குளூட்டன் என்ற புரதம் உள்ள கோதுமை போன்ற தானியங்கள் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. எள் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை, ஆகவே எள் ஒவ்வாத குழந்தையின் பெற்றோர் சேர்மானங்களை முழுமையாகப் படிக்க வேண்டும். கேசின், வே என்று எழுதியிருந்தால் அதுவும் பால்தான். ஒன்று இல்லை என்று விளம்பரப்படுத்தும் பண்டத்தில் இன்னொன்று கூடுதலாக இருக்கும்: முட்டை இல்லாத கேக்கில் பாலும் தயிரும், பால் இல்லாத பாலாடைக்கட்டியில் முந்திரி, மைதா இல்லாத பிஸ்கட்டில் பாதாம். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் மீண்டும் படியுங்கள், சேர்மானம் சொல்லாமலே மாறும்.

உறவினர் வீடுகளில் சிக்கல் அன்பிலிருந்து வருகிறது. “ஒரு வாய் கொடுத்தால் என்ன ஆகிவிடும்” என்று கேட்கும் பாட்டியிடம் வாதாட வேண்டாம். போன முறை தடித்துப்போன முகத்தின் படத்தைக் காட்டுங்கள், மருத்துவர் சொன்னதை அவர் காதால் கேட்கும்படி அடுத்த சந்திப்புக்கு அழைத்துச் செல்லுங்கள். பிறகு குழந்தைக்குப் பொருந்தும் பண்டம் ஒன்றைச் செய்து தரும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். விசேஷ வீடுகளுக்கு உணவைக் கட்டிக்கொண்டே போகலாம். அங்கன்வாடி ஆசிரியரிடம் தவிர்க்க வேண்டிய உணவுகளின் பெயரை நிழற்படத்தோடு ஒட்டிய தாளைக் கொடுத்துவிடுங்கள். அங்கே முட்டை வழங்கும் நாள்களையும், இணை உணவு மாவில் கோதுமை இருக்கிறதா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிசைந்து விளையாடும் மாவுகூட மைதாவாக இருக்கலாம்.

தவறி உள்ளே போய்விட்டால்

தடிப்பு மட்டும் என்றால் மருத்துவர் எழுதித் தந்த ஒவ்வாமை மருந்தைக் கொடுத்துவிட்டு அருகிலேயே இருங்கள். குரல் கரகரப்பது, தொடர் இருமல், மூச்சிரைப்பு, நாக்கு வீங்குவது, திடீரென்று குழந்தை வெளிறித் துவள்வது, தடிப்போடு மீண்டும் மீண்டும் வாந்தி: இவற்றில் ஏதேனும் தெரிந்தால் அது தீவிர ஒவ்வாமைக்கான அவசர மருந்தான அட்ரினலின் ஊசிக்கான நேரம். தடிப்புக்குக் கொடுக்கும் செட்டிரிசின் போன்ற ஒவ்வாமை மருந்து அதற்கு மாற்றாகாது. மருந்தளவு நிரப்பியே வரும் தானியங்கி அட்ரினலின் ஊசி எல்லா மருந்துக் கடைகளிலும் கிடைப்பதில்லை என்பதால், எந்த வடிவில், எவ்வளவு மருந்தை வீட்டில் வைத்திருப்பது, தொடையின் வெளிப்புறத்தில் எப்படிப் போடுவது என்பதை மருத்துவரிடம் முன்பே செய்துகாட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். ஊசி போட்டவுடன் 108-ஐ அழையுங்கள். குழந்தையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்கார்ந்தவாறே இருக்கட்டும். தூக்கி நிறுத்தவோ நடக்க விடவோ வேண்டாம். சரியாகிவிட்டதுபோல் தோன்றினாலும் சில மணி நேரத்தில் திரும்ப வரக்கூடும், ஆகவே மருத்துவமனையில் கண்காணிப்பில் இருப்பது அவசியம்.

பட்டியல் மாறும்

பால், முட்டை, கோதுமை ஒவ்வாமைகள் பல குழந்தைகளுக்கு வளர வளர நீங்கிவிடுகின்றன; முந்திரியும் நிலக்கடலையும் நீங்குவது குறைவு. ஆண்டுக்கு ஒரு முறையாவது மறுபரிசோதனை கேளுங்கள். நன்றாகச் சுட்ட கேக்கில் சேர்ந்த முட்டையோ பாலோ சில குழந்தைகளுக்கு முதலில் ஒத்துக்கொள்ளும் என்பது உண்மைதான், ஆனால் அந்த முதல் கவளத்தை மருத்துவர் முன்னிலையில் கொடுங்கள். அங்கே வெற்றி பெற்ற உணவை வீட்டுக்கு வந்தபின் மருத்துவர் சொல்லும் அளவில் வாரம் சில முறையாவது தவறாமல் தந்துவர வேண்டும். சமையலறைச் சுவரில் ஒட்டிய தாளையும் அங்கன்வாடியில் கொடுத்த தாளையும் அன்றே மாற்றி எழுதிவிடுங்கள்.