400-ம் 50-ம் எவ்வளவு? மூன்று மொழிகளிடம் கேட்டுப் பார்ப்போம்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் மாமாவுக்கு பில் போட ஒரு சின்ன வலைப்பக்கம் செய்து கொடுத்தேன். மாலை 400 ரூபாய், வெளியூர் பஸ்ஸில் ஏற்றிவிடும் கூலி 50. திரையில் வந்த மொத்தம் 40050. “மாப்பிள்ளை, நாற்பதாயிரத்துக்கு நான் யாருக்கு மாலை கட்டினேன்?” என்றார். எந்தக் கணினி நிரல் மொழியை முதலில் படிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு அன்றுமுதல் இந்தக் கணக்கைத்தான் கொடுக்கிறேன்.

படி 1: ஜாவாஸ்கிரிப்ட்

எதையும் நிறுவ வேண்டாம். கணினியில் குரோமைத் திறந்து எஃப்12 விசையை அழுத்துங்கள். சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். கன்சோல் என்ற பகுதிக்குப் போய் இதைத் தட்டி என்டர் கொடுங்கள்:

"400" + 50

கையால்தான் தட்ட வேண்டும். நகலெடுத்து ஒட்டும்போது வளைந்த மேற்கோள்குறி வந்துவிட்டால் பிழை காட்டும்.

விடை '40050'. அதைச் சுற்றியும் மேற்கோள்குறி நிற்கிறது பாருங்கள். அது எண் அல்ல, எழுத்துகளின் வரிசை. பாடநூல்கள் இதைச் சரம் என்கின்றன. பூக்கடைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. படிவத்தின் கட்டத்தில் நாம் தட்டும் தொகையும் சரமாகத்தான் வந்து சேர்கிறது. ஒரு பக்கம் சரம் இருந்தால் போதும், கூட்டல் குறியைக் கண்டதும் ஜாவாஸ்கிரிப்ட் மற்றதையும் சேர்த்துத் தொடுத்துவிடும். கழித்தல் குறி போட்டுப் பாருங்கள்: ஒழுங்காக 350 வரும்! 1995-இல் பிரெண்டன் ஐக் இதன் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் எழுதினார் என்பதால் நான் அதிகம் கோபித்துக்கொள்வதில்லை.

படி 2: பைத்தான்

அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து விண்டோஸில் நிறுவினால் ஐடில் என்ற சாளரமும் கூடவே வரும். அதில் அதே வரியைத் தட்டுங்கள். விடைக்குப் பதில் சிவப்பு எழுத்தில் டைப் எரர் வரும்: சரத்தோடு சரத்தைத்தான் சேர்க்க முடியும், எண்ணைச் சேர்க்க முடியாது என்கிறது. தவறான பில்லை நீட்டுவதைவிட இந்த முரண்டு எவ்வளவோ மேல். பிளஸ் டூ கணினி அறிவியல் படித்தவர்களுக்கு இது ஏற்கெனவே அறிமுகமான மொழி.

படி 3: பிஎச்பி

நிறுவ அலைச்சல் அதிகம் என்பதால் விடையை நானே சொல்லிவிடுகிறேன்: 450. இங்கே கூட்டல் குறி சரங்களைத் தொடுக்காது, எண்ணாக்கிக் கூட்டும். சரங்களைத் தொடுக்கப் புள்ளி வைக்க வேண்டும். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் அமைத்த வலைத்தளங்களில் கைவைக்க நினைப்பவர்கள் படிக்கலாம்.

படி 4: திருத்தம்

சரத்தை எண்ணாக மாற்ற ஜாவாஸ்கிரிப்டில் நம்பர், பைத்தானில் இன்ட். இவற்றை ஆங்கில எழுத்தில் தட்டி, அடைப்புக்குறிக்குள் "400" கொடுத்து, பிறகு 50-ஐக் கூட்டுங்கள். நம்பருக்கு முதலெழுத்து பெரியது. இன்ட் முழுவதும் சின்ன எழுத்து. இரண்டிலும் 450 வரும்.

செய்தது உடனே திரையில் தெரிய வேண்டும் என்பவர்கள் ஜாவாஸ்கிரிப்டில் தொடங்குங்கள். மற்றவர்களுக்கு என் ஓட்டு பைத்தானுக்கு. நிரல் எழுத விஷுவல் ஸ்டுடியோ கோட் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, ஆனால் முதல் வாரம் வேண்டாம். அது தானாக நிரப்பித் தருவதில் கை சோம்பிவிடும்.

மாமாவின் பக்கத்தில் நம்பரைச் சேர்த்துச் சரிசெய்துவிட்டேன். அவர் இன்னமும் தாளில் ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் பணம் வாங்குகிறார்.