லீவு முடிந்ததும் லாகின் ஆகாத லேப் கம்ப்யூட்டர்கள்

சென்னையில் எங்கள் பள்ளி லேப்பில் மே மாதம் முழுக்க மெயின் சுவிட்ச் ஆஃப். ஜூனில் திறந்தால் பழைய கம்ப்யூட்டர்கள் டொமைனில் (சர்வர் நிர்வகிக்கும் பள்ளி நெட்வொர்க்) லாகின் ஆகவில்லை. கேபிளைப் பிடுங்கிச் சொருகுவது வீண் வேலை, கடிகாரத்தைப் பாருங்கள். டொமைனில் லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை, கம்ப்யூட்டர் நேரத்துக்கும் சர்வர் நேரத்துக்கும் இயல்பாக 5 நிமிட வித்தியாசம்தான் பொறுக்கும்.

கரண்ட் இல்லாதபோது அந்தக் கடிகாரத்தை ஓட்டுவது மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி, 3 வோல்ட். மல்டிமீட்டரில் 2.7-க்குக் கீழே வந்தால் மாற்றிவிடுங்கள் (ரிச்சி தெருவில் பட்டையாகவே வாங்கலாம், போலியும் உண்டு). பவர் கார்டைக் கழற்றிவிட்டு, பிளஸ் பக்கம் வெளியே தெரியும்படி பொருத்துங்கள்.

பயாஸில் (விண்டோஸ் வருமுன் திறக்கும் செட்டிங்ஸ் திரை) தேதியோடு சாட்டா மோடையும் (ஹார்ட் டிஸ்க் இணைப்பு முறை) பாருங்கள். அது மாறியிருந்தால் விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடும், பலர் ஹார்ட் டிஸ்க்கைக் குறை சொல்வது இங்கேதான். பிறகு லோக்கல் அட்மினாக நுழைந்து நேரத்தைச் சர்வரோடு ஒத்துப்போகச் செய்யும் 'டபிள்யூ32டிஎம் /ரீசிங்க்' (w32tm /resync) கட்டளை கொடுத்தால் போதும்.